போலாம்

மிஷின் இன்னும் கிளம்பவில்லை. கயிற்றைச் சுண்டி இழுக்கிற சத்தம் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. கர்ரென்று ஓர் இருமல், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி ஓர் இருமல். மார்கழிப் பனியில் மலைமேல் நைட் ஹால்ட் போட்ட வண்டி விடிகாலையில் இப்படித்தான் அடம்பிடிக்கும் என்று நஞ்சப்பன் நினைத்தார், நினைத்த மாத்திரத்தில் மூக்குக்குள் டீசல் வாசனை வந்து உட்கார்ந்துகொண்டது, இல்லை, டீசல் இல்லை, இது பெட்ரோலில் ஆயில் கலந்த வாசனை, கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது, புல் வெட்டுகிற மிஷினுடையது. புல் வெட்ட ஆள் வந்திருக்கிறது. அதைத்தான் துளசிமணி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், முகம் துடைத்துவிடும்போது ஒரு தரம், கஞ்சி ஊட்டும்போது ஒரு தரம், குழந்தையிடம் ஊசி போடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுபோல. "சத்தம் பெருசா வருமுங்க, பயந்துக்காதீங்க." பயமாம். மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டில் வாழ்நாள் பூராவும் கண்டக்டராக நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்த மனுஷனுக்கு ஒரு புல் மிஷினைக் கண்டு பயம். சிரிக்கலாம் என்று பார்த்தால் வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. வலது பக்கம் அவருடையது இல்லை என்று ஆகிவிட்டது. வலது கை, யாரோ பயணி சீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி போர்வைமேல் கிடக்கிறது, யாருடையது இது என்று கேட்டால் ஒருத்தரும் எழுந்து வரமாட்டார்கள். இடது கை மட்டும்தான் நல்ல கை. கட்டிலை ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். நல்ல கைக்குப் பக்கத்தில் பீரோவின் தகரம், ஜில்லென்று. மற்றப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புல். புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

வாதம் வந்து விழுந்ததும் அந்தப் புல்லில்தான், தண்ணீர் விடுகிற பைப்பைக் கையில் பிடித்தபடியே. விழுந்தவர்மேல் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். அவருக்கு ஞாபகம் இருப்பது வானம் மட்டும், வானத்தின் ஓரத்தில் புல் நுனிகள், அவ்வளவு பக்கத்தில் அவற்றை அதுவரை பார்த்ததே இல்லை, பயப்படவேண்டிய நேரத்தில் அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது ஊர்ப்பட்ட வார்த்தைகளில் ஒரே ஒரு வார்த்தைதான் கூட வந்தது. போலாம். தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தால் போலாம். துளசி என்று கூப்பிடப் பார்த்தால் போலாம். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது, வலிக்கிறதாவா, உயிர் போகிறது ஐயா என்பதற்கும் போலாம். உள்ளே எல்லா வார்த்தையும் இருக்கிறது, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு கூட்டமாக முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் படியில் கால் வைத்து ஏறுகிறது என்னவோ ஒருத்தன்தான், எப்போதும் அதே ஆள். சில பேருக்கு இப்படி ஆகும், வாழ்க்கையில் ஓயாமல் சொல்லிப் பழகின சொல் ஒன்று தங்கிவிடும் என்றார் டாக்டர். துளசிமணி முதலில் சிரித்தாள். "எங்கீங்க போறது, நீங்களும் நானும்?" என்றாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைப்பு, எல்லாம் கேட்டது. அது போகட்டும். கொடுமை எதில் என்றால், போலாம் என்கிற சொல்லுக்கு மறுக்கத் தெரியாது. கஞ்சி குடிக்கலாங்களா? போலாம். ஃபேனை நிறுத்திறட்டுங்களா? போலாம். ராகிக் கஞ்சி என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே குமட்டும், உடம்புக்கு ஆகும் என்று யாரோ சொல்லி இப்போது தினமும் ராகிக் கஞ்சி. தலையை ஆட்டி வேண்டாம் என்று காட்டலாமே என்றால் கழுத்தும் கூட்டுக் களவாணி, இடம் வலம் ஆட்டப் பார்த்தால் மேலும் கீழும் ஆடித் தொலைக்கிறது, நல்ல கையை ஆட்டிக் காட்டினால் ஈ விரட்டுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு மனுஷன் தலையில் தலையில் அடித்துக்கொள்கிறான். வெளியே இவரைப்போல எதற்கும் சம்மதிக்கிற நோயாளி தாலுகாவிலேயே கிடையாது.

அந்தச் சம்மதத்தில்தான் வீடு கைவிட்டுப் போகப்போகிறது. மகன் சுரேந்தர் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நல்ல பையன், குறை சொல்லக்கூடாது, அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டான். தேய்த்துக்கொண்டே கேட்டான், "அப்பா, அம்மா ஒருத்தியா உங்களைத் தூக்கி எறக்க முடியறதில்லீங்கப்பா. இந்த வீட்டை வித்துப்போட்டு எங்ககூட வந்துருங்க. வித்துறலாங்களா?" வேண்டாம் கண்ணு. வேண்டவே வேண்டாம். உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்தவன் வீட்டு ஜன்னல், அங்கே என்னத்தைப் பார்த்துக்கொண்டு நான் படுத்துக் கிடப்பேன், கிடக்கிறதுதான் கிடக்கிறேன், இங்கேயே கிடந்துவிட்டுப் போகிறேன், என்னை விடு. இத்தனையும் உள்ளே நெரிந்தது, படியில் ஏறினவன் அவனேதான். "போலாம்." சுரேந்தர் கண் கலங்கிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். "அப்பாவே போலாம்னுட்டாருங்கம்மா!" துளசிமணி புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். "அவருக்குச் சம்மதம்னா எனக்கென்ன கண்ணு" என்றாள். உனக்குச் சம்மதமா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டிய மனுஷனுக்கு வாய் இல்லை. சுரேந்தர் இரண்டு நாள் இருந்து வேண்டாத சாமான், உடைந்த நாற்காலி, வாசலில் கிடந்த பழைய தொட்டி எல்லாவற்றையும் ஒழித்துப்போட்டு வீட்டைத் துப்புரவாக்கிவிட்டுப் போனான். நாளைக்குக் காலையில் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு முன்வாசல் புல் காடாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸிலிருந்து நம்பரைப் பார்த்துத் துளசிமணி போன் போட்டாள், சம்பத் என்கிற ஆள் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இருமல் சத்தம் நின்றிருந்தது. வெளியே சம்பத் பேசிக்கொண்டிருந்தான், வேலையைத் தொடங்கும் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ரகம். "புல்லு இம்புட்டு மொத்தமா இருக்குதுங்கம்மா, நைலான் நரம்பு போட்டா அறுந்து அறுந்து போயிரும். பிளேடுதான் போடோணும். வெட்டி முடிச்சதும் பாத்துப்போட்டு என்ன தம்பி இப்படிப் பண்ணிப்போட்டேன்னு என்னை வையப்படாது. மொத வெட்டுல மொட்டை போட்ட தலையாட்டத்தான் இருக்கும், மஞ்சமஞ்சேர்னு. தண்ணி விட்டீங்கன்னா ஒரு வாரத்துல பச்சை எடுத்துரும். வெட்டுன புல்லுக்கு மாட்டுக்காரரு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, இல்லாட்டி மூலையில குமிச்சுப்போட்டுப் போறேன். அந்த ஜன்னலைச் சாத்திக்கிறீங்களா, தூசி அடிக்கும்." "தொறந்தே இருக்கட்டும் தம்பி. அவரு வெளிய பாத்துட்டே இருப்பாரு." "சரிங்கம்மா. இன்னொண்ணு. உள்ள கல்லு, கம்பி, கண்ணாடி ஏதாச்சும் கெடக்குதுங்களா? பிளேடு ஓடற ஓட்டத்துல கம்பில பட்டுச்சுன்னா ஒடஞ்சு தெறிச்சுருமுங்க. என்ற கூட்டாளி ஒருத்தனுக்குக் கணுக்கால்ல ஏறி, இன்னைக்கு வரைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்கறான்." "ஐயோ சாமி! ஒண்ணுங் கெடக்காதுங்க. எங்க ஊட்டுக்காரரு ஒரு கூழாங்கல்லு கண்ணுல பட்டாலும் பொறுக்கி வெளிய வீசிருவாரு. தடவித் தடவி வளத்த புல்லுங்க இது."  படுத்திருந்த நஞ்சப்பனுக்குப் பெருமையாக இருந்தது.

பெருமைதான், ஆனால் அந்தப் பேச்சில் என்னவோ ஒன்று இடறியது, செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் சிறு மணல் புகுந்ததுபோல. என்ன அது? கல்லா, கண்ணாடியா? பிடிக்கப் போனால் நழுவியது. காற்று வந்தது, புல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல எழுந்தது, அதைப் பார்த்ததும் மனசும் கூடவே சாய்ந்துவிட்டது, இப்போதெல்லாம் அப்படித்தான், எதையும் நெட்டுக்குத்தலாக நினைக்க முடிவதில்லை, நினைப்பு பாதி வழியில் இறங்கி வேறு வண்டி ஏறிவிடுகிறது. குன்னூருக்கு மேலே ஒரு வளைவில் ஒரு பங்களா. வண்டி திரும்புகிற நேரம் மட்டும் அதன் புல்தரை தெரியும், ஒரு மூச்சு நேரம், வெட்டிச் சீவி ஒரே மட்டமாகப் பச்சைக் கம்பளி விரித்தாற்போல, நடுவில் ஒரு வெள்ளை நாற்காலி, நாற்காலியில் எப்போதும் ஆள் இருக்காது. அந்த ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துப் பார்த்து நஞ்சப்பனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மழையில் அந்த வளைவு, வெயிலில் அந்த வளைவு, பனி இறங்கினால் நாற்காலி மட்டும் அந்தரத்தில் நிற்கும், "டிக்கெட் வாங்காதவங்க வாங்கிக்குங்க" என்று வாய் பாட்டுக்குச் சொல்லும், கண் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வரும். ரிட்டையர் ஆகிக் காரமடையில் வீடு கட்டியதும் முதல் காரியமாக மலையிலிருந்து சாக்கில் புல் கட்டிக்கொண்டு வந்து நட்டார். காரமடை வெயிலுக்கு அது தாங்குமா? பத்தே நாளில் காய்ந்து சருகாயிற்று. அப்புறம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அருகம்புல்லைக் கணு கணுவாகப் பிடுங்கி வந்து நட்டார். கண்டக்டர் வீட்டில் பங்களாப் புல்லாம் என்று தெருவே சிரித்தது, சிரிக்கட்டுமே, அவரும் சேர்ந்து சிரித்தார், குந்தி உட்கார்ந்து கத்தரிக்கோலால் கத்தரித்துக் கத்தரித்து மட்டம் பண்ணினார். நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டு அதில் துளசிமணியை உட்காரச் சொன்னபோது, "ஐயோ, வெக்கமா இருக்குதுங்க" என்று எழுந்து ஓடிவிட்டாள். அவள் காலில் அன்றைக்குப் புதுக் கொலுசு.

கொலுசு. கால். கணுக்கால். கணுக்காலில் ஏறி, இன்னைக்கு வரைக்கும் நொண்டிக்கிட்டு. கம்பி! மணல் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. கம்பி, துணி, காக்கிச் சட்டை, வெயிலில் சட்டை காய்ந்த இடம். புல் நடுவதற்கு முன்னால் அங்கே துணி காயப்போட இரும்புத் தூண் ஒன்று இருந்தது, அடியில் சிமெண்ட் போட்டு இறுக்கியது. தோண்டி எடுக்க முடியாமல் ரம்பத்தை வைத்து அவரே அறுத்தார், அடிக்கட்டை ஒரு சாண் உயரத்துக்கு நின்றுவிட்டது, முனை பல்லுப் பல்லாக. யார் காலிலும் இடறக்கூடாது என்று அதன்மேல் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். கொய்யா மரத்துக்கு இந்தப் பக்கம். அழகுக்கு வைத்திருக்கிறார் என்றுதான் துளசிமணி நினைத்துக்கொண்டாள், அதன்மேல் கிண்ணத்தில் காக்கைக்குச் சோறுகூட வைப்பாள், உள்ளே இரும்பு நிற்பதை அவரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை. தொட்டி இருக்கிறவரைக்கும் பரவாயில்லை. தொட்டி இருக்கிறதா? நஞ்சப்பன் தலையணையில் தலையை உருட்டிக் கொய்யா மரத்தைப் பார்த்தார். மரத்தடியில் புல், புல், புல் மட்டும்தான், முழங்காலுக்கு மேல் அசைந்துகொண்டிருந்தது. வாசலில் கிடந்த பழைய தொட்டி எல்லாவற்றையும் சுரேந்தர் ஒழித்துப்போட்டு, ஐயோ, அதையும்தான் எடுத்துப் போட்டிருக்கிறான், புல்லுக்குள் நின்ற இரும்பை அவன் கவனித்திருக்க மாட்டான். 

சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னலை ஒரு தலை மறைத்தது. சம்பத். தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதைத் தூக்கி நெற்றிமேல் விட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். முகத்தில் கள்ளமில்லை, யாரைப் பார்த்தாலும் ரெண்டு வார்த்தை பேசாமல் போகத் தெரியாத ஆள். "வணக்கமுங்கையா. உங்க புல்லு, உங்களைக் கேக்காம எப்படிங்க வெட்டறது? ஆரம்பிக்கலாங்களா?" நஞ்சப்பன் பலத்தையெல்லாம் திரட்டினார். தம்பி, வேண்டாம், கொய்யா மரத்துக்கிட்ட இரும்பு இருக்குது. எத்தனை சின்ன வாக்கியம். கூட்டத்தை விலக்கி விலக்கி அந்த வாக்கியத்தைப் படிவரை தள்ளிக்கொண்டு வந்தார், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, வந்தேவிட்டது. "போலாம்" என்றது வாய். மணிமாதிரி, அந்தக் காலத்து நடுக் கூட்டத்திலும் கேட்கிற அதே குரலில். "அடடே, ஐயாவே சொல்லிட்டாருங்கம்மா!" என்று சம்பத் உள்ளே பார்த்துக் கத்தினான், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தார். அரை டிராயர். ரப்பர் செருப்பு. கெண்டைக்கால் இரண்டும் வெறும் சதை.

மிஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது, இத்தனை நேரம் அடம்பிடித்த சனியன். கேட் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான், இந்த மதில் முதல் அந்த மதில்வரை ஒரு வரிசை, திரும்பி வரும்போது அடுத்த வரிசை, கைதேர்ந்த ஆள்தான், புல் படுத்துக்கொண்டே போனது. வரிசைக்கு வரிசை கொய்யா மரத்தை நெருங்கினான். வெட்டுப்பட்ட புல் வாசனை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அப்பியது, மழை பெய்த மலையின் வாசனை, எவ்வளவு நல்ல வாசனை, அது தூக்கத்தைப்போல ஆளை இழுத்தது, கண்ணை மூடினால் போதும், எல்லாம் தூரமாகிவிடும், சத்தம்கூடத் தூரத்தில் ஏற்றம் ஏறுகிற வண்டியாகிவிடும், அதில் ஏறி உட்கார்ந்துகொண்டால் பனிக்குள்ளே போய்விடலாம், போலாம், போலாம். சீ! கண்ணைத் திற நஞ்சப்பா. உன் வண்டியில் படியிலிருந்து ஒரு உசிர் விழுந்தது கிடையாது, ஒரு விரல் நசுங்கியது கிடையாது, அத்தனை வளைவிலும் அத்தனை கூட்டத்திலும். இப்போது உன் வாசலிலேயே ஒருத்தன் காலை இழந்துவிட்டுப் போவதா, அதுவும் உன்னைக் கேட்டுவிட்டு? நல்ல கை தவித்துத் தேடியது. தலைமாட்டு ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர் அகப்பட்டது. தட்டிவிட்டார். டம்ளர் உருண்டு கணகணவென்று சுவர்வரை போயிற்று. அடுக்களையிலிருந்து துளசிமணி ஓடி வந்தாள், சம்பத்துக்கு டீ போட்டுக்கொண்டிருந்தவள், கையில் வடிகட்டி. "தண்ணி வேணுங்களா?" அவர் அவளையே பார்த்தார். பார்வையில் சொல்லப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "போலாம்." "இதோ" என்று அவள் பின்தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினாள், தாடையில் வழிந்ததைத் துடைத்தாள், கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். நேரம்தான் போயிற்று.

விசில் இருந்தால்! விசில் இருக்கிறது, எதிர்ச்சுவர் ஆணியில், கறுப்புக் கயிற்றோடு தொங்குகிறது. எட்டாது. எட்டினாலும் உதடு குவியாது, சுரேந்தர் ஒரு நாள் ஆசையாக வாயில் வைத்துவிட்டபோது காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போயிற்று, பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விசில் இல்லாவிட்டால் என்ன செய்வாய்? இரண்டு கையிலும் டிக்கெட்டும் சில்லறையும், வாயில் பாதி கிழித்த டிக்கெட், பின்படியில் நசுங்கிக்கொண்டு நிற்கிறாய், முன்னால் டிரைவருக்கு உன் தலைகூடத் தெரியாது, விசிலை எடுக்கக் கை இல்லை. என்ன செய்வாய்? அதை அவர் நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. கைக்கே ஞாபகம் இருந்தது. புறங்கையில் தகரத்தின் ஜில்லிப்பு பட்டுக்கொண்டே இருந்ததல்லவா, பனியில் நனைந்த வண்டியின் பக்கத் தகரம் அப்படித்தான் ஜில்லென்று இருக்கும், பர்லியாறு ஸ்டாப் வருகிறது, பனிக்குள்ளே கூடையும் கையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள், மங்குஸ்தான், பலாச்சுளை, பச்சைத் தாவணியில் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டினால் போகும். கல்யாணமான புதிதில் அந்தப் பச்சைத் தாவணிக்காரி சொன்னாள், "வளைவுக்கு அந்தாண்ட நீங்க தட்டறதே எங்களுக்குக் கேட்டுருமுங்க. மொதத் தட்டு விழுந்ததும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிப்போம். ரெண்டாவது விழுந்துறக்கூடாது சாமீன்னு." நஞ்சப்பன் இடது கையை விரித்துத் தூக்கினார், பீரோவின் தகரத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

டம்மென்றது. பீரோவுக்குள் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது, மேலே இருந்த பழைய சூட்கேஸ் நகர்ந்தது. வெளியே மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கெங்கே கேட்கும்? ஆனால் அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றது. ஃபேன் சத்தமும் மிஷின் சத்தமும் மட்டும் இருந்தது. அவர் காத்திருந்தார். துளசீ, மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லு. ரெண்டாவது வராது. நிறையத் தாமதித்து மறுபடியும் ஒரே ஒரு அறை. உள்ளங்கை எரிந்தது. துளசிமணி வாசற்படியில் வந்து நின்றாள். இந்தத் தடவை தண்ணீர் வேணுமா என்று கேட்கவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தகரத்தின்மேல் விரிந்து கிடந்த கையைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டு வந்தது, ரொம்பத் தூரம், ஒரு மலையில் பாதிதூரம். "நிக்கோணுங்களா?" என்றாள், மெதுவாக. "போலாம்" என்றது வாய். கை மறுபடி ஒரு தட்டு. அவள் அவர் கண் போன திசையில் ஜன்னலைப் பார்த்தாள், அடுத்த நிமிஷம் வடிகட்டியோடு வெளியே ஓடினாள், "தம்பீ! நிறுத்துங்க! தம்பீ, நில்லுங்க!" என்று தெருவுக்கே கேட்கிற கத்தல், பர்லியாற்றில் பழம் விற்ற தொண்டை அது, சும்மாவா. மிஷின் சத்தம் தேய்ந்து, இருமி, அடங்கியது.

அப்படி ஓர் அமைதி. காக்கை ஒன்று கத்தியது. செருப்பு புல்லில் சரசரக்கிற சத்தம், கையால் புல்லை விலக்குகிற சத்தம். அப்புறம் சம்பத்தின் குரல், சிரிப்பெல்லாம் வடிந்துபோன குரல். "ஐயோ, அம்மா. இங்க வந்து பாருங்க. ஒரு எட்டு வெச்சிருந்தேன்னா…"   நஞ்சப்பன் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சந்தோஷம், வேறென்ன, அந்தக் கால் இரண்டும் இனிமேலும் நடக்கும் என்கிற சந்தோஷம், ஒரு சொல்லும் சொல்லாமல் தான் சொன்னது ஒருத்திக்குக் கேட்டுவிட்டது என்கிற சந்தோஷம்.

துளசிமணி உள்ளே வந்தாள். பாதமெல்லாம் வெட்டின புல் ஒட்டியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், சிவந்திருந்த உள்ளங்கையை ஊதினாள், ஊதிக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் கோணியது. "ஒரு தட்டுன்னா வேண்டாம். ரெண்டுன்னா சரி. அப்படித்தானுங்களே?" கை தகரத்துக்குப் போயிற்று. டம் டம். அவள் சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. "ராகிக் கஞ்சி உங்களுக்குப் புடிக்குதுங்களா?" டம். "அடப் பாவி மனுசா! இத்தனை நாளா…" என்று மண்டையில் கை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் சம்பத்தின் தலை தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது, துண்டு கையில் இருந்தது. "ஐயா, நீங்க என்ற கொல சாமிங்க. அந்த இரும்பைச் சுத்திக் கல்லு வெச்சுட்டேன். பாதி மொட்டையா நிக்குது, மீதியை வெட்டட்டுங்களா, இல்ல விட்டுறட்டுங்களா?" அவர் யோசித்தார். மஞ்சளாகத்தான் இருக்கும். தண்ணீர் விட்டால் ஒரு வாரத்தில் பச்சை எடுத்துவிடும். டம் டம். "ஆகட்டுமுங்க" என்று தலை மறைந்தது, மிஷின் மறுபடி கிளம்பியது, வாசனை மறுபடி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நிரம்பியது.

துளசிமணி எழுந்துபோகவில்லை. புல் ஒட்டின பாதத்தை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்குப் பயப்படுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது, அவருக்கும் பயமாகத்தான் இருந்தது, மகன் முகம் ஒரு பக்கம், அவள் இடுப்பு வலி ஒரு பக்கம், இவளைச் சாகடிக்கவா நான் இங்கே கிடக்கிறேன் என்கிற நினைப்பு ஒரு பக்கம். கடைசியில் அவள் குனிந்து, மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள். "நாளைக்கு அவங்க வராங்களே. இந்த வீட்டை வித்துறலாங்களா?" வாய் போலாம் என்றது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை எழுந்து தகரத்தில் விழுந்தது, பலமாக இல்லை, ஆனால் தெளிவாக. துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரெண்டாவது தட்டு விழவில்லை.